மகளுக்குப் போட்ட மூன்று மொட்டை

தென்காசியில் குடியிருந்துகொண்டு, குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும்போது அருவியில் தலையைக் கொடுக்காமல் திரும்பி வருகிற பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் அப்படித்தான் வந்தேன். கணவர் ஆண்கள் பக்கம் போய்விடுவார். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவோடு பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டு, துண்டையும் மாற்றுத் துணியையும் மடியில் வைத்துக்கொண்டு, சாரல் படாமல் தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டவர்களிடம் சைனஸ் என்றேன். எனக்குச் சைனஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என் முடி சுருட்டை. அது வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

வடகரையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் என் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'தும்புத்தலை' என்பார்கள், தேங்காய் நார்த் தலை என்று அர்த்தம். சுற்றிலும் தென்னந்தோப்பு. உரித்துப்போட்ட தேங்காய் மட்டையைக் காட்டி, ஏட்டி, ஒன் சவுரி கீழ கெடக்கு என்று சிரிப்பார்கள். அது அப்பாவிடமிருந்து வந்த முடி. பட்டாளத்தில் ஒட்ட வெட்டிவிடுவதால் அவர் தலையில் தெரியாது, என் தலையில் தெரிந்தது. பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரம் பார்லரில் மருந்து போட்டு இழுத்து நேராக்கிக்கொண்டேன். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே வேலை. கணவருக்கு மட்டும் தெரியும். ஒன் தலை, ஒன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். மகள் வயிற்றில் இருந்தபோது பார்லருக்குப் போக முடியவில்லை. எண்ணெய் வழிய வழிய இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டுச் சமாளித்தேன்.

மகள் பிறந்தாள். இரண்டு மாதத்திலேயே பழைய முடி உதிர்ந்து, தலை முழுக்கச் சின்னச் சின்னச் சுருளாக முளைத்தது. தொட்டில் போடுகிற அன்று கணவரின் அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இது யாரு முடி? எங்க வீட்டுல ஒருத்தருக்கும் இப்படிக் கெடையாதே" என்றார்.

"எங்க வீட்டுலயும் கெடையாது மதினி" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை, பட்டென்று வாயில் வந்துவிட்டது. அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுவரில் தொப்பி போட்ட படத்தில் இருந்தார். கணவர் என்னைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முதல் மொட்டை ஒரு வயதில், எங்கள் சாஸ்தா கோயிலில். அது எல்லாப் பிள்ளைக்கும் போடுவதுதான். முடி மறுபடி சுருண்டு வந்தது. ஒரு மொட்டையில் மாறாது, மூன்று மொட்டை போட்டால் முடி நேராக வந்துவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. நான் பி.எஸ்ஸி. படித்தவள். முடியின் வடிவம் தோலுக்கு அடியிலே வேரிலேயே முடிவாகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். அந்தப் படிப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, மூன்று வயதில் இரண்டாவது மொட்டை போட்டேன். அதுவும் சுருண்டுதான் வந்தது.

மூன்றாவது மொட்டைதான் என்னால் தாங்க முடியாதது. அவளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. விவரம் தெரிந்துவிட்டது. கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்மா, பிள்ளையள்லாம் சிரிப்பாங்கம்மா" என்று அழுதாள். அதற்கு முந்தின மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

"ஒனக்குக் காய்ச்சல் சரியாகணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்லா? சரியாக்கித் தந்துட்டாருல்லா? குடுக்கலன்னா சாமி என்ன நெனப்பாரு?"

நான் எந்தச் சாமியிடமும் வேண்டவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். சாமிக்காக அசையாமல் உட்கார்ந்தாள். ஒரு மாதம் தொப்பியோடு பள்ளிக்கூடம் போனாள்.

மூன்றாவது தடவையும் சுருட்டையே வந்தது. முன்னைவிட அடர்த்தியாக வந்தது. காய்ந்த முடியில் பொடிச் சீப்பைப் போட்டு நான் உச்சியிலிருந்து இழுக்க, அவள் கத்த, சீப்பின் பல் உடைந்து முடியிலேயே மாட்டிக்கொண்ட ஒரு காலையில் கணவர் வந்து சீப்பை என் கையிலிருந்து வாங்கினார். "இனிமே மொட்டைன்னு வீட்டுல பேச்சு வரக் கூடாது" என்றார். அவர் சத்தமாகப் பேசிக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

அதன் பிறகு போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சுருட்டை முடியைக் காய்ந்திருக்கும்போது சீவவே கூடாதாம். செம்பருத்தி இலையை அரைத்த தாளியைத் தேய்த்து அலசி, கண்டிஷனர் போட்டு, ஈரம் சொட்டும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே மேலே போக வேண்டும். ஆளி விதையைக் கொதிக்க வைத்து வடித்த கொழகொழப்பைக் கையில் எடுத்து, கொத்துக் கொத்தாகக் கசக்கிவிட வேண்டும். துண்டால் பரபரவென்று தேய்க்காமல், அவள் அப்பாவின் பழைய வேட்டியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதற்கே போகும். அவள் என் முழங்காலுக்கு நடுவில் தலையைக் கொடுத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பாள். ஒன்பது வயதில் சுருள் சுருளாகத் தோளில் விழுந்தது. கடைத்தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெட்கங்கெட்டவள், அப்போதும் நான் பார்லருக்குப் போவதை நிறுத்தவில்லை. "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி முடி?" என்று அவள் கேட்டால், சாமி குடுத்தது என்பேன்.

இந்த வருஷம் மாசி மாதம் எனக்கு டெங்கு வந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து எழுந்து உட்கார்ந்த அன்று மகள் பக்கத்தில் வந்தாள்.

"எம்மா, எப்பம்மா கோயிலுக்குப் போறோம்? ஒனக்குச் சரியானா மொட்டை போடுதேன்னு வேண்டியிருக்கேன்."

சாமி அதெல்லாம் கேக்க மாட்டாருட்டி என்றேன். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ மட்டும் குடுத்தியே" என்றாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எனக்குத்தானே சரியாச்சு? ஒனக்குப் பதிலா நான் மொட்டை போடுதேன். சாமி ஒத்துக்கிடுவாரு" என்றேன்.

அவள் என் நீளமான முடியைத் தொட்டுப் பார்த்தாள். "வேண்டாம்மா. ஒன்னோடது நல்ல முடி. என்னோடது போனாப் போவுது."

இதைக் கேட்டபோது செத்துப்போயிருக்கலாம் போல இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு? நான்தான். ஒரு வார்த்தை பேசாமல் ஒன்பது வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பங்குனியில் மொட்டை போட்டேன். முடி எடுக்கிற அண்ணாச்சி தலையை நனைத்துவிட்டு, "என்னம்மா, கீழ நேரா இருக்கு, வேரு சுருட்டையால்லா இருக்கு" என்றார். மகள் இரண்டடி தள்ளி நின்றாள். "சீக்கிரம் எடுங்க அண்ணாச்சி" என்றேன். மதினி எல்லோரிடமும், பிள்ளைக்காகத் தாய் முடியைக் குடுத்திருக்கா பாரு என்று சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினார். அந்தப் பாராட்டையும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

முளைத்துவந்த முடியை வீட்டிலும் துண்டு கட்டியே மறைத்து வைத்திருந்தேன். ஆனியில் சாரல் இறங்கியது. குற்றாலம் போனோம். இந்தத் தடவை மகள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அருவிக்குள் போனேன். தலையில் தண்ணீர் விழுந்த வேகத்தில் மூச்சு முட்டியது. வெளியே வந்து உட்கார்ந்ததும், அவள் பழைய வேட்டியை எடுத்து, நான் அவளுக்குச் செய்வதைப் போலவே என் தலையை ஒற்றினாள். விரல் நின்றது.

"எம்மா! ஒனக்கும் சுருட்டையா வந்திருக்கு. சாமி எம் முடிய ஒனக்கும் குடுத்துட்டாரும்மா." அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். கணவர் என்னைப் பார்த்தார், தொட்டில் போட்ட அன்று பார்த்த அதே பார்வை.

"இல்லட்டி" என்றேன். "எனக்குச் சின்னப்பிள்ளைல இருந்தே இப்படித்தான். பார்லர்ல போய் நேராக்கிட்டு வந்தேன். இது ஒங்க தாத்தா முடி. எனக்கு வந்து, ஒனக்கு வந்துருக்கு."

அவள் வேட்டியை என் தலையிலிருந்து எடுத்தாள்.

"அப்ப ஒனக்கு சைனஸ் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"எனக்கு மூணாவது மொட்டை போட்டியே, காய்ச்சலுக்குத்தானே?"

"இல்ல. ஒன் முடி நேரா வரும்னு போட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வேட்டியை மடித்து என் மடியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட, நுனியிலிருந்து ஒவ்வொரு கொத்தாக விரலாலேயே சிக்கெடுக்க ஆரம்பித்தாள். நான் அகலப் பல் சீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். சீப்பை வாங்கிக்கொண்டாள். தலையைக் கொடுக்கவில்லை.