வயிற்றுவலி என்று எழுதச் சொன்னார்கள்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

ரெஜினா மிஸ் இறந்த செய்தி தெமோதரை பஸ்ஸில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நீண்ட காலம் மருத்துவிச்சியாக இருந்தவர். முன் இருக்கைப் பெண் போனில், “நம்ம மிஸ் போயிட்டாங்களாம்” என்று சொல்லி அழுதாள். நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

மரண வீட்டில் மாலையோடு முன்னால் நின்றவர்கள், அவரை இடம் மாற்றச் சொல்லி மனு எழுதிய அதே ஆட்கள். நினைவு மலர் போடப்போவதாகச் சொல்லி எழுதத் தெரிந்த எங்களில் சிலரிடம் கட்டுரை கேட்டார்கள். கொடுத்தோம். எல்லோருக்கும் மலர்க் குழுத் தலைவர் சொன்ன திருத்தம் ஒன்றுதான்: “நல்லாத்தான் இருக்கு சேர். அந்த அரிப்பு சமாச்சாரத்த எடுத்துட்டு வயித்து வலின்னு போட்டுருங்க. பொம்பளப் புள்ளைங்க படிக்கிற மலரு.”

வயிற்றுவலி! அந்தப் பொய்யோடுதானே மிஸ் காலமெல்லாம் சண்டை போட்டார். பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் அரிப்போ எரிச்சலோ வந்தால், மருந்தக வரிசையில் ஆண்களுக்கு நடுவில் நின்று எங்கள் பெண்கள் வயிற்றுவலி என்றே சொல்வார்கள். வயிற்றுக்கு மாத்திரை கிடைக்கும். விழுங்கிவிட்டு மறுபடி மலை ஏறுவார்கள். மிஸ் வந்ததும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் ஒரு மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டினார். “இதுக்கு உள்ள வயித்து வலி கெடையாது. உள்ளதச் சொல்லு” என்பார்.

ஒரு நாள் காலைப் பெரட்டில், எல்லோரும் கூடிநின்று வேலைக்குப் பிரிந்து போகுமுன், ஆண்களையும் நிற்கவைத்துப் பேசினார். மழையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் ஈரம், இறுக்கமான நைலான் உள்ளாடை, வாசனைச் சவுக்காரம், சரியாக அலசாத துணியில் தங்கும் சோப்புத் தூள், நெடுநேரம் மாற்றாத மாதவிடாய்த் துணி, இவையே தோலைப் புண்ணாக்கும் என்றார். பூஞ்சைத் தொற்றும் வரலாம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தால் அடிக்கடி வரும். மாதவிடாய் நின்றபின் தோல் உலர்ந்தும் எரியும். உடலுறவால் தொற்றுகிற நோயும் உண்டு, ஆனால் எல்லா அரிப்பும் அது அல்ல.

ஒருவன், “இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு மிஸ்?” என்று சிரித்தான்.

“ஒம் பொண்டாட்டிக்கு அரிச்சா, எவங்கிட்ட வாங்கினேன்னு அடிக்கிறது நீதானே? அப்ப நீயும் கேளு.”

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அந்த ஆண்களால் மன்னிக்க முடியவில்லை.

என் அக்காவுக்கு வெகுகாலமாக அரிப்பு. காயத்துக்கு ஊற்றும் மருந்தைச் சுடுநீரில் கலந்து கழுவிக் கழுவி இன்னும் மோசமாக்கிக்கொண்டார். தோல் வெளுத்து, சிறிய புண் ஒன்று ஆறாமலே இருந்தது. திரைக்குள் பார்த்த மிஸ் திட்டித் தீர்த்தார். பிறகு பஸ் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தாமே கூட்டிப்போனார். புற்றுநோயின் ஆரம்பம். நேரத்தோடு வந்ததால் வெட்டி எடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் லயத்து வீடுகளில் இன்றுவரை சொல்லியிருக்கிறோம்.

வேலை நாளில் கொழுந்துக்காரி ஒருத்தியை எங்கே கொண்டுபோனார் என்பதும் மனுவில் ஒரு குற்றம். விசாரணையில் அக்காவின் பெயரைச் சொல்லியிருந்தால் மிஸ் தப்பியிருப்பார். சொல்லவில்லை. மாற்றல் உத்தரவை வாங்கிக்கொண்டு அப்புத்தளைப் பக்கம் போய்விட்டார். அப்படி எங்களை விட்டுப்போனதற்காக அவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. இன்னும் ஆறவில்லை.

அவர் சொன்னதை, மலர் சொல்லாததால், நான் சொல்கிறேன்: “சவுக்காரத்த நிறுத்து, வெறும் தண்ணியில கழுவு, காத்தோட்டமா பருத்தித் துணி போடு. ரெண்டு மூணு நாள்ல அடங்கலன்னா வா. ஆறாத புண்ணு, கட்டி, தோல் நெறம் மாறுறது, தீட்டு இல்லாத நேரத்துல ரத்தம், நாத்தமான வெள்ளை, காய்ச்சல், அடிவயித்து நோவு, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே வா. மாசமா இருக்கவளும் சீனிக்காரியும் காத்திருக்கவே கூடாது. கடையில கண்ட கிரீம வாங்கிப் பூசாத.”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. உள்ளதைச் சொல்வது ஒன்று. யாருடையது என்று சொல்லாதிருப்பது மற்றொன்று.

இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு, “போடு தம்பி. ஆனா ஒம் பேரப் போட்டா எம் பேரும் வந்துரும்” என்றார்.

அடியில் இருந்த என் பெயரை எடுத்துவிட்டேன். இந்த மலைகளில் அக்கா இல்லாத வீடு எத்தனை? யாருடைய அக்கா என்று தேடுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டில் கேட்கட்டும். பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.