வெள்ளைச் சட்டையை மாற்றச் சொன்னேன்

போன ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம், உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியர் ஒருவர் வந்தார். என் கணவர் கடற்படையில் இருந்தவர், வங்கதேசப் போரின்போது கப்பலில் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அவரைக் கேட்டார். இவரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். வரும்போது பதக்கங்களைக் குத்திக்கொண்டு வாருங்கள் என்றதற்கு மட்டும் மறுத்துவிட்டார்.

“பேசுறேன் சார். மெடலெல்லாம் வேணாம். வீட்ல அவளுக்குப் புடிக்காது.”

நான் டீயை எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்தேன். ஆசிரியர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புருஷன் வாங்கின பதக்கம் ஒரு பெண்ணுக்குப் பிடிக்காமல் போகுமா என்று நினைத்திருப்பார். இவர் குத்திக்காட்டவெல்லாம் இல்லை. டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசிப்போனது.

பழைய கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்துக்காரி. என்னைப் பெண் கேட்டு வந்தபோது இவர் போலீஸ்காரர். காக்கிச் சட்டைக்கு எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதை. பரிசம் போட்ட நாளிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மண்டபம் கடற்கரையில் காவலுக்கு நின்றபோது தூரத்தில் போன கடற்படைக் கப்பலைப் பார்த்து ஆசைப்பட்டாராம். போலீஸ் வேலையை உதறிவிட்டு அதில் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு விஷயமே தெரிந்தது.

எங்களுடையது வானம் பார்த்த பூமி. கடலையே பார்க்காதவர்கள்தான் ஊரில் அதிகம். கப்பலில் வேலை என்றால் மூட்டை தூக்குகிற வேலை என்றே நினைப்பார்கள். அதனால் ஊருணியில் தண்ணீர் எடுக்கும்போது மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடம், மெட்ராஸ் போலீசுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கூசாமல் சொல்லி வைத்தேன். போலீஸ்காரர் பெண்டாட்டி என்ற பெயரை விட எனக்கு மனசில்லை.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், நான் பிறந்த வீட்டிலேயே தங்கியிருந்தபோது, போர் வந்துவிட்டது. இவருடைய கப்பல் எங்கே நிற்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருநாள் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி கேட்டு வந்தவர்கள், நம்முடைய போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்துவிட்டார்களாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். எந்தக் கப்பல் என்று நான் யாரிடம் கேட்பது? உனக்கெதற்கு அந்தக் கவலை என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? நான் விறைத்துப்போய் நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா என் தோளைத் தட்டினாள்.

“நீ ஏன்டி பயப்படுற? ஒம் புருசன் மெட்ராஸ்ல பத்திரமா இருக்காரு. பாவம், எவ பெத்த புள்ளைகளோ.”

ஆமாம் என்று சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் உரலில் மிளகாயைப் போட்டு இடிக்க ஆரம்பித்தேன். கண்ணீருக்கு ஒரு சாக்கு வேண்டுமே. முழுகியது அவர் கப்பல் இல்லை என்று தெரிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் மிளகாய்ப்பொடிக்குப் பஞ்சமே இல்லை.

போர் முடிந்து லீவில் வந்தார். பரமக்குடி ரயிலடிக்கு நானே போனேன். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, முதுகில் அகலமாகத் தொங்குகிற நீலக் காலர். உயிரோடு கண்ணால் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருந்தது. உடனே ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பையில் கொண்டுபோயிருந்த வேட்டி சட்டையை எடுத்து நீட்டினேன்.

“இதோட ஊருக்குள்ள வேணாங்க. பேண்டு செட்டு ஆளு மாதிரி இருக்கு. யாராச்சும் பாத்தா என்ன சொல்றது?”

வேட்டி சட்டையை வாங்கிப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் மடித்து அவரே பெட்டிக்குள் வைத்தார். ஓய்வு பெறுகிற வரைக்கும் அதற்குப் பிறகு ஒரு லீவுக்கும் அவர் உடுப்போடு வந்ததில்லை. உண்மை ஊருக்கு எப்படியோ தெரிந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூட இல்லை. நானும் சுத்தமாக மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை என்பது அந்த ஆசிரியர் வந்த அன்றுதான் தெரிந்தது.

சுதந்திர தினத்தன்று அவருக்குத் தெரியாமல் பதக்கங்களை என் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மேடையில் பேசினார். கப்பலின் அடித்தளத்தில் கொதிகலன் பக்கம் வேலையாம். கடலில் இருந்தும் கடலைப் பார்க்க முடியாதாம். மேலே பீரங்கி வெடித்தால் காலடியில் இரும்புத் தளம் அதிருமாம், அவ்வளவுதான் தெரியுமாம். தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால், கப்பலில் மற்றவர்களைக் காப்பாற்ற அந்த அறையின் இரும்புக் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள், திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் உள்ளே நின்றார்களாம். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த நான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல்முதலாக அதைக் கேட்டேன். ஒருநாளும் நான் விசாரித்ததில்லையே, பிறகு எப்படித் தெரியும்?

பேசி முடித்து உட்காரப் போனார். நான் எழுந்து மேடைக்குப் போய்ப் பையைத் திறந்தேன். சட்டையில் குத்துவதற்குள் ஊசி இரண்டு தடவை நழுவிவிட்டது. அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“யாராச்சும் பாத்தா என்ன சொல்றது, புள்ள?”

கேலியாகத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை. அவருக்காக அழுததையும் ஊருக்கு மறைத்தேன், அவர் பிழைத்து வந்த சந்தோஷத்தையும் மறைத்தேன். இப்போதெல்லாம் யாராவது அவரைக் கண்டு வணக்கம் சொன்னால், பக்கத்தில் நிற்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நினைத்தபடியேதான் நிற்கிறேன்.