மூச்சில் ஏறிய போதை

எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் இரும்புத் தொட்டிகளுக்கு உட்புறம் பெயின்ட் அடிப்பது ஆசீர்வாதத்தின் வேலை. இருபத்திரண்டு வருடம். குடிப்பழக்கம் கிடையாது. அவர் உள்ளே இறங்கினால், தொட்டி உச்சியில் கயிறு பிடித்து நிற்பவர் அப்பாவு. தண்டையார்பேட்டையில் இருவரும் ஒரே தெரு.

ஒரு பங்குனிப் பிற்பகலில் ஆசீர்வாதம் ஏணியேறி வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாராம். கைகொடுத்த அப்பாவுவை, யாரோ தன்னை அமுக்க வருகிறார்கள் என்று எண்ணித் தள்ளிவிட்டார். இருபதடி உயரம். கீழே சிமென்ட் தரை. அப்பாவு அங்கேயே இறந்துபோனார்.

ஆசீர்வாதத்துக்கு எதுவும் நினைவில்லை. கண்விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார்.

குடித்துவிட்டுத் தகராறு என்று சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்திருந்தார். ரத்தத்தில் சாராயம் இல்லை, பெயின்டில் கலக்கும் தின்னர்தான் இருந்தது. தனக்குத் தெரியாமல் போதை ஏற்றப்பட்டு, செய்வது இன்னதென்று அறியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்கிறது சட்டம். ஆசீர்வாதத்தின் வக்கீல் நவ்ரீன் அதைப் பிடித்துக்கொண்டார். அரசு வக்கீல் விடவில்லை. இத்தனை வருட பெயின்டருக்குத் தின்னர் வாடையின் குணம் தெரியாதா என்று கேட்டார். ஆசீர்வாதம் இறங்கும்போது வாடையை வெளியே உறிஞ்சும் ஃபேன் ஓடியது. பிறகு ஓடியதா என்று சொல்ல யார்டில் ஒருவரும் முன்வரவில்லை.

அப்பாவுவின் மனைவி பட்டம்மாள் தானாகவே நவ்ரீனைத் தேடி வந்தார். கூண்டில் ஏறிச் சொன்னார்:

"மூணு மணிக்கு அவரு போன் பண்ணாரு. 'ஆளு உள்ள கீறான், ஃபேனை வேற டேங்குக்குக் கழட்டிகினு போய்ட்டானுங்க. கூப்ட்டா பதிலே இல்ல'ன்னாரு. அதான் கடைசி."

"இறந்தது உங்க கணவர். இவருக்காக ஏம்மா சாட்சி சொல்றீங்க?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"இவருக்காக இல்ல சார். எம் புருசன் கடைசியா சொன்னது பொய்யாவக் கூடாது."

போன் விவரங்களும் அந்த நேரத்தைக் காட்டின. ஆசீர்வாதம் விடுதலையானார். சூப்பர்வைசர் மீது தனி வழக்கு நடக்கிறது.

கோர்ட் வராந்தாவில் ஆசீர்வாதம் பட்டம்மாளின் காலில் விழப்போனார். அவர் பின்வாங்கினார்.

"கோர்ட்டு உட்டுச்சிண்ணே. எனக்கு மன்னிக்க இன்னும் மனசு வர்ல. வந்தா நானே சொல்றேன். நீ வூட்டாண்ட வராத."

"சரிம்மா" என்றார்.

அதன்பிறகு எந்தத் தொட்டியிலும் அவர் இறங்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறார். தெருவை மாற்றச் சொல்லி மகள் மகிமா இரண்டு வருடமாகக் கெஞ்சுகிறாள்.

"பட்டம்மா வந்து சொல்லணும்னா, நான் இங்கதானே இருக்கணும்" என்கிறார்.