மாலை போட்ட பிரேக்

திருச்சி அரியமங்கலம் பக்கத்துப் பட்டறைகளில் வெறுமனே ஆசாத் என்று கேட்டால், எந்த ஆசாத் என்பார்கள். பிரேக் ஆசாத் என்றால் போதும், டீ ஆற்றிக்கொண்டிருப்பவர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். போன வருஷம் வரைக்கும் அது ஒரு பட்டம் மாதிரி இருந்தது. இப்போதும் வழி காட்டுகிறார்கள், கூடவே உதட்டோரம் ஒரு சிரிப்பு வருகிறது. பாழாய்ப்போன அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், சிரிக்கிறவர்களே வாயை மூடிக்கொள்வார்கள்.

ஆசாத் பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர். மீசை முளைக்கும் முன்பே லாரி ஷெட்டில் சேர்ந்து காற்று பிரேக் பார்க்கக் கற்றுக்கொண்டார். பிறகு சவுதியில், தம்மாமில் சில வருஷம், கிரேன்களுக்கு அதே வேலை. அம்மா படுத்த படுக்கையானதும் போதும் சம்பாத்தியம் என்று ஊரோடு வந்துவிட்டார். வந்தவரைக் காகிதக் கம்பெனி ஒன்று பிடித்துப் போட்டுக்கொண்டது. பெரிய பெரிய காகித உருளைகளை வாங்கி, வேண்டிய அகலத்துக்கு வெட்டி, சின்ன உருளைகளாகச் சுற்றி விற்கிற கம்பெனி அது. பெரிய உருளை என்றால் சும்மா இல்லை, நாலு எருமையைச் சேர்த்துக் கட்டின கனம். அது மெஷினில் ஏறிச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா?

அந்த மெஷினை ஓட்டுகிறவன் நல்லுசாமி. வையம்பட்டிக்காரன், மானாவாரி நிலத்தை நம்பிப் பிரயோஜனமில்லை என்று வந்து, ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து, மனைவி மலர்க்கொடியோடு இருந்தான். மெஷினில் அப்போது பழைய பட்டை பிரேக்தான். கைப்பிடியை இழுத்தால் இரும்புப் பட்டை இறுகும், கிறீச்சென்று கத்தும், கருகின வாடை வரும். உருளையோ தன் இஷ்டப்பட்ட நேரத்துக்குத்தான் நிற்கும். ஓட்டத்தில் காகிதம் கிழிந்தால் நல்லுசாமி பிரேக்கை இழுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். முழுசாக நின்ற பிறகுதான் கிழிந்த நுனியைப் பிடித்து மறுபடி கோப்பான். அந்த ஓட்டை பிரேக் அவன் கையைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஆடி மாதம் புது பிரேக் வந்தது. காற்றில் வேலை செய்கிற டிஸ்க் பிரேக். உருளையைத் தாங்கும் தண்டில் எஃகுத் தட்டு ஒன்றைப் பொருத்தி, தட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்கிற மாதிரி ஒரு கேலிப்பர். பெடலை மிதித்தால் கம்ப்ரஸரிலிருந்து காற்று பாய்ந்து, கேலிப்பருக்குள் இருக்கிற பேடு என்ற இரண்டு உராய்வுக் கட்டைகளும் தட்டை இரண்டு பக்கமும் பிடிக்கும். ஆசாத் அதைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். தட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தார். தண்டைக் கையால் சுற்றித் தட்டு ஆடுகிறதா என்று பார்த்தார். பேடுக்கும் தட்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வரும்வரை கேலிப்பரைத் தட்டித் தட்டி நகர்த்தினார். காற்றுக் குழாய் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். மெதுவாக ஓட்டி, மிதித்து விட்டு, மிதித்து விட்டு, பேடு தட்டோடு பழகும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். கடைசியில் தகரக் கவசத்தைப் போட்டு மூடினார்.

"நல்லு, இங்க பாரு. இந்தத் தட்டுல கைகூடப் படக்கூடாது. எண்ணெய் பட்டு ஓடிச்சுன்னா பேடு குடிச்சிரும். அப்புறம் கழுவியெல்லாம் சரி பண்ண முடியாது, தூக்கி எறிய வேண்டியதுதான்."

"என்ன பாய், புதுப் பொண்டாட்டி மாதிரி பொத்திப் பொத்தி வெக்கிறீங்க!"

"சிரி, சிரி. மறந்துடாத."

பிரேக்கா அது! மிதித்த மாத்திரத்தில் அத்தனை பெரிய உருளை கப்பென்று நின்றது. நல்லுசாமி வாய் நிறையச் சிரித்தான். வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு மிதித்துக் காட்டினான். கொஞ்ச நாளில் அவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. காகிதம் கிழிந்தால் கால் பெடலை மிதிக்கும்போதே கை நுனியைப் பிடிக்கப் போய்விடும். ஆசாத் இரண்டொரு தடவை திட்டினார். "நீங்க மாட்டின பிரேக்கு பாய், நிக்காம எங்க போகும்?" என்றான் அவன். அதைக் கேட்டதும் ஆசாத்துக்குக் கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது. மனுஷன்தானே.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்றைக்கு மெஷின் ஓடாது. தரையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு மெஷினையும் துடைத்துப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டுவார்கள். ஆசாத்தும் வருஷா வருஷம் கூடமாட நிற்பார், பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய் மனைவி ஷரீபாவிடம் கொடுப்பார். இந்த வருஷம் பூஜை ஜும்மா நேரத்தில் அமைந்துவிட்டது. தொழுதுவிட்டு அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, ஆட்கள் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.

புது பிரேக்கின் கவசத்தில் மூன்று இடத்தில் சந்தனம். மேலே கெட்டியான சாமந்தி மாலை, கீழ்வரைக்கும் தொங்கியது. எந்த லீவுக்கு முன்னாலும் கவசத்தைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது ஆசாத்தின் பழக்கம். அன்றைக்கும் கை போனது. மாலையை எடுத்தால்தான் கவசம் திறக்கும். பூஜை போட்ட மாலையை நாம எடுத்தா யாராவது ஏதாவது நினைச்சுக்குவாங்களோ என்று ஒரு யோசனை வந்தது. யாரும் அவரை அந்தக் கம்பெனியில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் காலம் கெட்டுக் கிடக்கிறதே, எதற்கு வம்பு என்று கையை இழுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையிலும் மாலையைத் தொடாமல் வெறும் தண்டைச் சுற்றவிட்டுப் பெடலை ஒரு தடவை மிதித்தார், நின்றது. உருளை ஏறாத தண்டு எந்த பிரேக்குக்கும் நிற்கும். அது அவருக்குத் தெரியாததா என்ன? தெரியும்.

உருளை ஏற்றி ஓட்டம் எடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே காகிதம் கிழிந்தது. நல்லுசாமியின் கால் பெடலுக்கும் கை நுனிக்கும் ஒன்றாகப் போயின. காற்று சீறியது, பேடு கவ்வியது, தட்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. காகிதம் அவன் வலது கையைச் சுற்றி இழுத்து, உருளைக்கும் வழிகாட்டும் இரும்பு ரோலருக்கும் நடுவில் கொண்டுபோனது. ஆசாத் பாய்ந்து கரண்ட்டை நிறுத்தினார். கரண்ட்டை நிறுத்தினால் மோட்டார் நிற்கும், உருளை நிற்குமா? அதை நிறுத்தத்தானே பிரேக். நல்லுசாமி அம்மா என்று கத்தின சத்தம் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்டது.

தில்லைநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் ஸ்தனிஸ்லாஸ் நல்ல மனுஷர்தான். ஆசாத்தை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "ஆசாத் பாய், சட்டப்படி வர்றது அவனுக்கு வரும். அது இல்லாம, கேட்டுல உக்கார்ற வேலையை ஆயுசுக்கும் குடுக்கறேன்னு ஓனர் சொல்றார். ஆனா ஒண்ணு. இதுக்குக் காரணம் யாருன்னு தெரிஞ்சாகணும்ங்கறார். பிரேக் மாட்டினதுல கோளாறுன்னா நீங்க பதில் சொல்லணும். யாராச்சும் கைய வெச்சுக் கெடுத்திருந்தா, அது யாரா இருந்தாலும் இந்தக் கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டார். பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

ஆசாத் தனியாக உட்கார்ந்து பிரித்தார். பேடு இரண்டும் கறுத்து மினுமினுத்தன. மூக்கருகே கொண்டுபோனார். கருகின வாடைக்குள் தேங்காய் எண்ணெய் வாடை. அல்லாஹ்வே என்று அவருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவர் மாட்டினதில் தப்பில்லை. அடுத்த நிமிஷமே அந்தச் சாமந்தி மாலை கண்ணுக்குள் வந்து நின்றது. வெள்ளிக்கிழமையே திறந்திருந்தால் ஒரு துணியும் கொஞ்சம் தின்னரும் போதும். தட்டு அப்போது சுற்றவே இல்லையே, பேடு எண்ணெயைக் குடித்திருக்காது. தன் மேலேயே வந்த கோபமெல்லாம் எண்ணெய் தடவியவன் மேல் ஆத்திரமாகத் திரும்பியது. எந்தப் படுபாவி என்று நல்லுசாமியிடமே கேட்டுவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மலர்க்கொடி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நல்லுசாமி கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான்.

"நல்லு, தட்டுல எண்ணெய் போட்டிருக்காங்கடா. தேங்காய் எண்ணெய். எவன் தடவினான், நீ பாத்தியா?"

நல்லுசாமி கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். "தேடாதீங்க பாய். நான்தான்."

ஆசாத் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு பாய். மழையா இருக்கு, ரெண்டு மூணு நாள் ஓடாம கெடக்கும், துரு ஏறிடுமேன்னு லேசா தடவினேன். மொகம் தெரியற மாதிரி இருந்துச்சு, அழகா. திங்கக்கெழம தின்னர் போட்டுத் தொடச்சிரலாம்னு நெனச்சேன். அன்னிக்குக் காலைல சூடம் காட்டி, மாலைய எடுத்துப் போட்டு, உருளைய ஏத்துற அவசரத்துல மறந்து தொலச்சிட்டேன்."

"நான் வெள்ளிக்கெழமையே பாத்திருக்கணும்டா. மாலை கெடந்துச்சு. நான் எடுத்தா நல்லாருக்குமான்னு விட்டுட்டேன்."

நல்லுசாமி முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தான். "எடுத்தா என்னா பாய்? நான் ஏதாச்சும் சொல்லியிருப்பனா?"

ஆசாத்துக்கு அழுகை முட்டியது. நல்லுசாமி பிறகு வேறு குரலில் பேசினான்.

"அப்ப உங்க மேலயும் தப்பு இருக்குல்ல பாய்?"

"இருக்குடா."

"சொல்லிடாதீங்க. நான்தான்னு தெரிஞ்சா கேட்டு வேலையும் போயிரும். உங்களுக்கு ரெண்டு கையும் இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க. நான் எங்க போவேன்? மலருக்கும் தெரிய வேணாம் பாய். தெரிஞ்சா, உன் கைய நீயே தின்னுட்டியேன்னு சாகறவரைக்கும் என்னையப் பாத்து அழுவா."

வீட்டுக்கு வந்து ஷரீபாவிடம் சொன்னார், மாலை விஷயத்தைத் தவிர. "யா அல்லாஹ், உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தடவினது அவரு. பழியை நீங்க சுமப்பீங்களா? நாளைக்கு எவன் உங்களை நம்பி வேலை குடுப்பான்? நம்ம பொண்ணு ஸஹ்ராவ யாரு படிக்க வெக்கிறது?" அவள் கேட்டதில் ஒன்றுகூட நியாயமில்லாத கேள்வி இல்லை. ஆசாத் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வலது கை அது.

மறுநாள் ஸ்தனிஸ்லாஸ் முன்னால் நின்று, "கேலிப்பர்ல இடைவெளி சரியா வெக்கல சார். என் தப்புதான்" என்றார். ஸ்தனிஸ்லாஸ் அவர் முகத்தையே பார்த்தார். "நீங்களா பாய்?" என்று மட்டும் கேட்டார். பேடு இரண்டையும் ஆசாத் முன்னமே பழைய இரும்போடு போட்டுவிட்டிருந்தார். அன்றைக்கு மத்தியானமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ரொம்ப நாள் கூட வேலை பார்த்தவர்கள் யாரும் கேட்டு வரைக்கும் வரவில்லை.

ஷரீபா சொன்னதுதான் நடந்தது. துவாக்குடியில் கேட்டார், திருவெறும்பூரில் கேட்டார். ஆசாத்துக்கு முன்னால் அவர் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. "பிரேக் ஆசாத்தா? கைய வாங்கினவர்தானே?" என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டுச் சிரித்தான். இப்போது மன்னார்புரத்தில் ஒரு பஞ்சர் கடையில் பைக்குகளுக்குக் காற்றடிக்கிறார். ஸஹ்ரா காலேஜை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். நல்லதுக்குத்தான் செய்தோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்ப்பார். மாலை ஞாபகம் வரும், அந்தத் தேறுதலும் போய்விடும். அதை அவர் யாரிடம் போய்ச் சொல்லுவார்? அது தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான். அவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் கொஞ்சம் மூச்சு விடலாம் போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினார். நல்லுசாமி கேட்டு வேலையில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தார், ஞாயிறு வீட்டில் இருப்பான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினார். மலர்க்கொடிதான் திறந்தாள். வீட்டுக்குள் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லு இருக்கானாம்மா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தீங்க?" என்றாள் அவள். கதவை விட்டு நகரவில்லை. "சட்டைப் பொத்தான் நான் போட்டு விடுறேன். சோறு நான் ஊட்டி விடுறேன். உங்களை எவ்வளவு நம்பினாரு! பாய் மாட்டின பிரேக்கு, பாய் மாட்டின பிரேக்குன்னு வீட்ல வந்து பெருமையடிப்பாரே, பாவி மனுஷா! உங்க ரெண்டு கையும் நல்லா இருக்கட்டும். அதுலயே அள்ளி அள்ளித் தின்னுங்க."

ஆசாத் அவள் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ஒரே அறைதான், திரை போட்டிருந்தது. திரைக்குக் கீழே கட்டில் கால் தெரிந்தது, பக்கத்தில் நல்லுசாமியின் பாதமும் தெரிந்தது.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை..." என்றார்.

"அவருக்கு உங்க பேரைக் கேட்டாலே ஆகல. போங்க."

ஆசாத் காத்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு இருமலாவது வரும் என்று நின்றார். டி.வி. சத்தம் திடீரென்று கூடியது. வீட்டுக்குள் நல்லுசாமியைத் தவிர வேறு யாரும் இல்லை.