பதினாறு பேரும் ஒரு லோடும்

ஜெயம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். கச்சிராயப்பாளையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் இது எல்லாருக்கும் தெரியும். தை மாசத்துப் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், மேஸ்திரி இளவரசன் போனில் பேசியதைக் கேட்டு அவள் கை தானாக முந்தானைக்குப் போனது.

"ஏத்தியாச்சுண்ணா. ஒரு லோடு பொம்பளைங்க. ஏழு மணிக்குள்ள கெழங்குக் காட்டுல எறக்கிடுவான்."

மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு பிடுங்க ஆள் அனுப்புகிறவன் இளவரசன். பதினாறு பெண்கள் குட்டியானையில் நெருக்கியடித்து நின்றார்கள். அது சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டி. உட்கார இடம் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏத்தியாச்சு, எறக்கிடுவான் என்று சொல்கிறானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"இன்னா மேஸ்திரி, நாங்க லோடா?" என்றாள்.

"அட, ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானேக்கா. எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

எல்லாரும் சொன்னால் சரியாகிவிடுமா? ஆனால் வண்டி கிளம்பிவிட்டது.

அந்தச் சொல்லோடு அவளுக்குப் பழைய பகை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அது அவள் வீட்டுக்குச் சோறு போட்ட சொல். அவளுடைய அப்பா வேடியப்பன், ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரியில் லோடுமேனாக இருந்தவர். அவருக்கும் முந்தின ஆட்கள் மாட்டுவண்டி கட்டினார்கள், பாரம் என்றார்கள். லாரி வந்தது, கூடவே லோடு என்ற பேச்சும் வந்தது. தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு, கரும்புச் சோகை கிழித்த தோளோடு அப்பா வீட்டுக்கு வந்து "லோடு முடிஞ்சிது" என்று சொன்னால், அன்றைக்கு மீன் குழம்பு. லோடு என்றால் மனுஷன் தூக்குவது. தூக்குகிறவன் வேறு, தூக்கப்படுவது வேறு. அப்போது சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் அதைச் சொல்லும்.

பிறகு அந்தச் சொல் ஊர் சுற்றக் கிளம்பியது. மணல் ஒரு லோடு, செங்கல் ஒரு லோடு, கோடையில் தண்ணீர் ஒரு லோடு. கரண்டு போனால் லைன்மேன் வந்து கம்பத்தைப் பார்த்துவிட்டு "லோடு ஜாஸ்தி" என்பார். சாயங்காலம் கடையிலிருந்து கோணலாக நடந்து வருகிறவன் 'ஃபுல் லோடு'. உளுந்தூர்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருக்கும் மகள் அருள்மொழியின் போனில், படம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் "லோடு ஆவுதும்மா, இரு" என்பாள். இதிலெல்லாம் ஜெயம்மாளுக்கு வருத்தமில்லை. சொல்லும் நாலு வீடு போய்த்தான் வரும்.

ஆளைப் பார்த்து எப்போது அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள் என்று அவளுக்கு வருஷக்கணக்குத் தெரியாது. கேரளாவுக்கும் மைசூர்ப் பக்கமும் வேலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனார்களே, அந்தச் சமயம். முதலில் 'ஆள் லோடு' என்றார்கள். கொஞ்ச நாளில் ஆள் என்பது கழன்று விழுந்துவிட்டது, லோடு மட்டும் நின்றுகொண்டது.

பொங்கலுக்கு வந்திருந்தபோது அருள்மொழியிடம் இதைச் சொல்லி ஆத்திரப்பட்டாள்.

"இந்த இங்கிலீஷ்காரன் இதுக்கு மொதமொதல்ல இன்னாடி அர்த்தம் வெச்சான்?"

அருள்மொழி கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "ரொம்ப காலத்துக்கு முன்னாடி அந்தச் சொல்லுக்கு வழின்னுதாம்மா அர்த்தம். பாதை, பயணம், அந்த மாதிரி. அப்பால எடுத்துக்கினு போறதுன்னு ஆச்சு, அதுக்கப்புறம்தான் சொமைன்னு ஆச்சு."

ஜெயம்மாள் மகள் துப்பிய கரும்புச் சக்கையைக் கூட்டி ஒதுக்கினாள்.

"நடந்து போனவன் வழின்னு பேர் வெச்சிருப்பான். சொமக்க வெச்சவன் வந்து மாத்திட்டான். வேற இன்னா?"

"இத நான் க்ளாஸ்ல சொல்றேம்மா" என்று அருள்மொழி சிரித்தாள். ஜெயம்மாள் சிரிக்கவில்லை.

இப்போது வண்டிக்கு வருவோம். மலைப்பாதை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் ஜெயப்பிரகாஷ் வண்டியை ஓரங்கட்டினான். முதல் வளைவில் போலீஸ் சோதனை நடக்கிறது என்று அவனுக்குப் போன் வந்திருந்தது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். அவன் தார்ப்பாயை உதறி விரித்தான்.

"எல்லாரும் குந்துங்க. தலைய கவுத்துக்கங்க. யாரும் பேசாதீங்க, அஞ்சே நிமிஷம்."

இது புதுசு அல்ல. ஏற்கெனவே நாலு முறை அப்படிக் குந்தியிருக்கிறார்கள். ஜெயம்மாளும் நாலு முறையும் தலையைக் கவிழ்த்தவள்தான். லோடு என்று சொன்னதற்குச் சண்டைக்குப் போகிற நாம் லோடு மாதிரித்தானே குந்துகிறோம் என்று அவளுக்கே அவள்மேல் கசப்பு உண்டு. இன்றைக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. மகன் பகலவன் கட்டிக்கொண்ட பெண் சுபஸ்ரீ முதல் தடவையாக வேலைக்கு வந்திருந்தாள். தூசி பட்டால் அவளுக்கு மூச்சு முட்டும்.

"தம்பி, இந்தப் பொண்ணுக்கு வீசிங் கீது. அத மட்டும் முன்னாடி ஒன் பக்கத்துல குந்த வெச்சுக்க."

"முன்னாடி மேஸ்திரியோட சாமான் கீதுக்கா. அஞ்சு நிமிஷம்தானே."

பக்கத்தில் இருந்த அம்சவள்ளி ஜெயம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். "குந்துடி. ஒன்னால இன்னிக்கு வேல போயிடப்போவுது. எனக்கு மாசியில பொண்ணுக்குச் சடங்கு கீது."

தார்ப்பாய் மூடியது. உள்ளே பழைய உரத்தின் நெடி. முகமும் முதுகும் முட்டிக்கொள்ளும்படி பதினாறு பேர். வண்டி உருண்டு, ஏறி, நின்றது. சுபஸ்ரீயின் நெஞ்சுக்குள் விசில் மாதிரி சத்தம் ஆரம்பித்தது. அது வெளியே கேட்காதபடி அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மூச்சு முட்டுகிறவள் வாயை அடைத்துக்கொள்கிறாளே, அதை ஜெயம்மாள் பார்க்கவில்லை. அவ்வளவு இருட்டு. கையால் தொட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

வெளியே ஒரு குரல் கேட்டது. "இன்னா லோடு?"

"கெழங்கு சார்" என்றான் ஜெயப்பிரகாஷ். தினமும் இறங்கும்போது சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போயிருந்தது.

"கெழங்கு மலையிலேர்ந்து எறங்கும். நீ இன்னாடா ஏத்திக்கினு போற?"

"இல்ல சார், தப்பா சொல்லிட்டேன். உரம் சார், உர மூட்ட."

பூட்ஸ் சத்தம் பின்பக்கம் வந்தது. தார்ப்பாயின் மேல் லத்தி ஒரு முறை ஓங்கி விழுந்தது. அது விழுந்த இடம் அம்சவள்ளியின் முதுகு. அவள் கத்தவில்லை, அசையவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உர மூட்டையாகவே இருந்தாள். ஜெயம்மாளின் தோளில் இருந்த அவள் கைவிரல்கள் மட்டும் நகம் பதிய இறுகின.

ஒரு மனுஷி அடி வாங்கிக்கொண்டு மூட்டையாக இருக்கிறாள். இதைவிட என்ன அநியாயம் வேண்டும்? ஜெயம்மாள் தார்ப்பாயோடு எழுந்து நின்றாள்.

போலீஸ்காரர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"மூட்டைங்கள எண்ணிக்கங்க சார். நான் ஜெயம்மாள், வேடியப்பன் மவ. இது என் மருமவ சுபஸ்ரீ, மூச்சு இழுக்குது பாருங்க. நீங்க அடிச்சது அம்சவள்ளிய. அந்தாண்ட பெரியம்மாள், இருசம்மாள், சின்னப்பொண்ணு." இப்படியே பதினாறு பேரையும் ஒவ்வொருவராகத் தலையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. பெயர் சொன்னவள் ஒவ்வொருத்தியாகத் தலையை நிமிர்த்தினாள், அம்சவள்ளி மட்டும் நிமிரவில்லை.

போலீஸ்காரர் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஜெயப்பிரகாஷைப் பார்த்து, "ஆளுங்கள வெச்சிக்கினா மூட்டைன்ன?" என்றார். அப்புறம் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிச் சுபஸ்ரீயிடம் நீட்டினார். வண்டியை அங்கேயே நிறுத்திவைத்துக்கொண்டார்கள். ரோட்டோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் வெள்ளிமலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் ஏறி மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு வேலை இல்லை.

மறுநாளும் இல்லை. இளவரசன் தெருமுனையில் பைக்கை நிறுத்தி, இறங்காமலேயே சொன்னான். "இனிமே இந்தத் தெருவுக்கு வண்டி வராது. வேற ஊர்ல எனக்கு ஆளு கீது. ஜெயம்மாக்காவுக்கு நன்றி சொல்லிக்கங்க."

குழாயடியில் ஜெயம்மாள் போனால் குடங்கள் நகர்ந்தன. ஒருநாள் அம்சவள்ளி எல்லார் எதிரிலும் கேட்டாள். "அடி பட்டது என் முதுவுல. நானே பேசாம இருந்தேன். ஒனக்கு இன்னாடி வலி?"

"நீ பேசாம இருந்தியே, அதான் எனக்கு வலி."

"நல்லா பேசற. இந்தப் பேச்ச ஒலையில போட்டா சோறு ஆவுமா?"

ஜெயம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தான் செய்தது தப்பு என்று மட்டும் ஒருதரம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பிடிவாதம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் காலை இளவரசன் அவள் வாசலில் வந்து நின்றான். வேறு ஊரிலிருந்து வருவதாகச் சொன்ன ஆட்கள் தார்ப்பாய்க் கதையைக் கேள்விப்பட்டு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். மலைமேல் பிடுங்காத கிழங்கு முற்றிக்கொண்டிருந்தது. கிழங்கை வாங்கும் ஜவ்வரிசி மில்லில் தினமும் போன் போட்டுத் திட்டினார்கள்.

"யக்கா, நாளைக்கு ஒரு லோ..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "பதினாறு ஆளு வேணும்."

"யார் யாரு?"

"அதான், எப்பவும் வர்றவங்க."

"அதான் யாருன்னு கேக்கறேன். ஆறு வருஷமா இட்டுக்கினு போறியே. பேரச் சொல்லு."

இளவரசன் யோசித்தான். ஜெயம்மாள், அம்சவள்ளி. அதற்குமேல் வரவில்லை. "அந்த மூக்குத்தி போட்டவங்க" என்றான். "அந்த ஒசரமா ஒரு பாட்டி."

"கெழங்குல வெள்ள ரோஜா, குங்கும ரோஜான்னு ரகம் ரகமா பேரு தெரியுது ஒனக்கு. பிடுங்குறவ பேரு தெரியல." முந்தானை இடுப்பில் ஏறியது. "குட்டியானையில வரமாட்டோம். வெள்ளிமல வரைக்கும் மொத பஸ்ஸு. அங்கேர்ந்து குந்திக்கினு போற மாதிரி ஜீப்பு. ஒவ்வொரு வூட்டுக்கும் நீயே போய்ப் பேரக் கேட்டு எழுதிக்கினு வா. அம்சா வூட்டுக்கு மொதல்ல போ."

முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனால் போனான்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு நோட்டுத்தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தான். ஜெயம்மாளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் காது இருக்கிறது. இருசம்மாளை அவன் தாண்டிப் போனபோது, "ஒரு ஆள உட்டுட்ட" என்றாள். சுபஸ்ரீயின் பெயர் வந்தபோது, "அது வரல, ஒடம்பு சரியாவட்டும்" என்றாள். அவன் பேனாவால் அடித்தான்.

"அம்சவள்ளி."

அம்சவள்ளி ஜெயம்மாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பத்து நாளாக முகம் கொடுக்கவில்லை.

"கீறேன்" என்றாள், திரும்பாமலேயே.

இளவரசனின் போன் அடித்தது. "ஆங், ஏத்..." என்று தொடங்கியவன் ஜெயம்மாளைப் பார்த்தான். அவள் கை முந்தானைமேல் இருந்தது.

"வராங்கண்ணா" என்றான். "பதினஞ்சு பேரு வராங்க."