மூன்று மெஷின், மூன்று பிரதி

எப்சிபாவுக்கு எதையும் கழுவித் துடைத்து வைத்தால்தான் நிம்மதி. வண்டன்மேட்டு ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பா செல்லத்துரை போடிமெட்டுப் பாதையில் ஜீப் ஓட்டினார். அவள் டிப்ளமோ முடித்துப் பாலக்காட்டுக்கு வேலைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு எந்த மருந்தை எப்போது கொடுப்பது என்று நர்சுகளுக்குக் காட்டும் செயலியைச் செய்கிற சின்னக் கம்பெனி. அங்கே பில்ட் மெஷின்கள் அவள் பொறுப்பு.

யாராவது செயலியின் புரோகிராம் கோடில் ஒரு வரி மாற்றினாலும் அந்த மெஷின்கள் தாமாகவே வேலையைத் தொடங்கும். ஒன்று தொகுக்கும், ஒன்று சோதிக்கும், இன்னொன்று நர்சுகளின் போனுக்குப் போகும் பொதியைக் கட்டும். மூன்றும் பழையதை அழித்துவிட்டு முழுக் கோடையும் இணையத்திலிருந்து தனித்தனியாகப் புதிதாய் இறக்கும்படி வைத்திருந்தாள். என்றோ அழியாமல் கிடந்த பழைய ஃபைல் ஒன்று அவளை ஒரு வாரம் அலைக்கழித்ததில் வந்த வைராக்கியம் அது. மழை நாளில் இணையம் ஊர்ந்தால் ஒரு மாற்றம் வெளியே போக ஒரு மணி நேரம் ஆகும். ஒரே தடவை இறக்கி மூன்றுக்கும் அதையே கொடுக்கலாமே என்று சோதனைப் பிரிவு ஹஃப்ஸா இரண்டு முறை கேட்டாள்.

“நீ டெஸ்ட்ட மட்டும் பாரு தாயி” என்று எப்சிபா அனுப்பிவிட்டாள்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் கொடுத்த மாத்திரையை மதியமும் கொடுக்கச் சொன்னது செயலி. ஒரு நர்ஸ் சந்தேகப்பட்டு நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பதிவில், சோதித்தவர் ஹஃப்ஸா என்றிருந்தது. மேலாளர் சுப்பராமன் வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் கேட்டார். விளக்கம் சரியில்லை என்றால் வேலை போகும். தான் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவரும் நம்பவில்லை.

எப்சிபாவுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஹஃப்ஸா பயன்படுத்திய சோதனை மெஷின் கோடை இறக்கியது 11:08க்கு. பொதி கட்டும் மெஷின் இறக்கியது 11:31க்கு. நடுவில் சந்தீப் என்கிற புரோகிராமர் ஒரு மாற்றத்தைச் சேர்த்திருந்தான்; தவறு அதில்தான் இருந்தது. ஹஃப்ஸா சோதித்தது ஒன்று, வெளியே போனது வேறொன்று.

மூன்று நாள் எப்சிபா வாய் திறக்கவில்லை. சொன்னால் குற்றம் தன் ஏற்பாட்டின் மேல் வரும். அந்தப் பெண் முன்பே சொன்னாள் என்பது அதைவிடக் கசந்தது. ஹஃப்ஸா அழுது முகம் கழுவி வருவதைப் பார்த்தும் தன் திரைக்கே திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை மெஷின்களின் பதிவை அச்செடுத்து சுப்பராமன் முன் வைத்தாள். அவர் இரண்டு நேரங்களையும் படித்தார்.

“இது நோக்கு எப்போ தெரிஞ்சது?”

“செவ்வாக்கெழம சாயங்காலமே சார்.”

அதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள். ஹஃப்ஸா மீதான விசாரணையை அவர் அன்றே நிறுத்தினார்.

மதியத்துக்குள் எப்சிபா ஏற்பாட்டை மாற்றினாள். மாற்றம் வந்ததும் கோடை ஒரே தடவை இறக்கி, அந்தப் பிரதியையே மூன்று மெஷினுக்கும் கொடுக்கும்படி வைத்தாள். ஒரு மணி நேர வேலை இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஹஃப்ஸாவை அழைத்துக் காட்டினாள். அவள் திரையை நிதானமாகப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றாள். எழுந்தவள் போகவில்லை.

“வேலையில அசந்துட்டேன்னு எங்க அத்தா மூணு நாளா எங்கிட்ட பேசலக்கா. உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்தது?”

எப்சிபா ஆமாம் என்று தலையசைத்தாள். ஹஃப்ஸா தன் இடத்துக்குப் போய் அடுத்த சோதனையைத் தொடங்கினாள். வேலையைத் தவிர வேறெதுவும் அதற்குப் பிறகு அவள் எப்சிபாவிடம் பேசியதில்லை.