பாலுக்குப் பழகாத வயிறு

தொண்ணூறுகளின் கடைசியில், திருக்கழுக்குன்றத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் ஒரு கறவை மாடு இருந்தது. அதுதான் என் சிறை. காலையில் ஒரு பெரிய டம்ளர், சாயங்காலம் ஒரு பெரிய டம்ளர். சுண்டக் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டு, மாமியாரே கொண்டுவருவார். குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார். அரைமணியில் வயிறு உப்பும், முறுக்கும், பின்கட்டுக்கு ஓடுவேன்.

நான் உயிர்வேதியியல் படித்தவள். படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது, ஜூனில் சேரவேண்டும். மாமியார் போகாதே என்று சொல்லவில்லை. "உடம்பு தேறட்டும், அப்பால போ. துரும்பா கீறே. பஸ்ல மயங்கி வுழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். உடம்பு தேற என்ன வழி? பால்! நல்ல கூத்து. குடித்தால் வயிறு கெடும், கெட்டால் இளைப்பேன், இளைத்தால் இன்னும் கொஞ்சம் பால்.

"எனக்குப் பால் சேராது அத்தே."

"தயிரு மட்டும் சேருதா? குடிக்கக் குடிக்கப் பழகிடும்."

எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். பாலிலுள்ள சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பால்குடி மறந்தபின் நம்மில் பலருக்கு அதைச் செய்யும் மரபணு வேலையைக் குறைத்துக்கொள்கிறது. குடம் குடமாகக் குடித்தாலும் திரும்ப எழாது. பழகிக்கொள்வது பாக்டீரியாதான். அதன் மரபணுவை ஒரு புரதம் மறித்து உட்கார்ந்திருக்கும். பால்சர்க்கரை வந்ததும் விலகிவிடும், நொதி தயாராகும். நான் செரிக்காமல் விட்டதையெல்லாம் என் குடலிலேயே குடியிருந்த பாக்டீரியா தின்று வாயுவாக விட்டது. இதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். மாமியாரிடம் எதை வரைவது? கணவரோ ஆபீஸ் பஸ்ஸுக்கு ஷூ மாட்டிக்கொண்டே, "அம்மா மனசுக்காகக் குடிச்சிடேன்" என்பார். ஓவென்று அழவேண்டும் போலிருக்கும். பஸ் போனபிறகு அழுவேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து வீடு நிறைந்தது. மாமியாருக்கு என் எதிரில் நிற்க நேரமில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு போய்ப் பின்கட்டு வாழைக்கு ஊற்றினேன். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும், "ஆறட்டும் அத்தே" என்று சொல்லி ஊற்றிக்கொண்டே இருந்தேன்; எதிரில் நிற்கும் வழக்கம் மாமியாருக்கு விட்டுப்போயிருந்தது. வயிறு அடங்கியது. கன்னத்தில் சதை பிடித்தது.

"பாத்தீங்களா, எல்லாம் நம்ம வூட்டுப் பாலு!" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார்.

வேலைக்குச் சேரும் நாள் காலை. செருப்பு மாட்டும்போது டம்ளரோடு வந்து நின்றார். "இத்த என் எதுக்கவே குடிச்சிட்டுப் போ. பிளாஸ்க்லயும் ஊத்தி வெச்சிக்கீறேன்."

குடித்தால் பஸ்ஸில் பாதி வழி, திருப்போரூர்கூடத் தாண்டமாட்டேன். குடிக்காவிட்டால் வாசலைத் தாண்டமாட்டேன். கத்தியேவிட்டேன்.

"இவ்வளவு நாளா நான் இதைத் தொடவேயில்லை அத்தே! எல்லாம் வாழைக்குத்தான் ஊத்தினேன். பாலை நிறுத்தினதாலதான் எனக்கு உடம்பே தேறிச்சு!"

இனி வேலையும் போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த ஊத்தலாமா?" என்றார் மெதுவாக. "எங்க மாமியா எதுக்க நின்னு குடிக்க வெச்சாங்க. அன்னிலேர்ந்து நானு வவுத்தப் புடிச்சிகினுதான் குடிக்கிறேன்."